பூச்சிப் படம், பூப் படம்: எடுத்துக் காட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் ஒரு சின்னக் கூட்டம் நாங்கள். சங்கம், சந்தா எதுவும் கிடையாது. மூக்கனேரிக் கரையிலோ, ஏற்காடு அடிவாரத்திலோ, சில வாரம் மேலே ஏறிக் காப்பித் தோட்டத்து ஓரத்திலோ பூவையும் பூச்சியையும் கிட்டத்தில் எடுப்போம். ஒன்பது மணிக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் படத்தை இன்னொருவர் பார்ப்போம். புதிதாக வருபவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் என் டீ ஆறிவிடுகிறது.

அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. எந்தக் கேமரா வாங்கலாம் என்பதற்கு இதில் பதில் இல்லை. எடுத்த படத்தைக் காட்டி, அதிலிருந்து அடுத்த படத்துக்கு எதையாவது தேற்றிக்கொள்வது எப்படி என்பது மட்டும்தான்.

மேக்ரோன்னா என்னங்கண்ணா? கிட்டப் போய் எடுத்தாலே மேக்ரோதானா?

கறாராகச் சொன்னால், பொருள் நிஜத்தில் என்ன அளவோ அதே அளவில் சென்சார் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லு) மேல் விழ வேண்டும். அதைத்தான் 1:1 என்கிறார்கள். ஆரம்பநிலைக் கேமராக்களில் சென்சாரின் அகலம் ஏறக்குறைய 24 மி.மீ., உயரம் 16 மி.மீ. ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் பாருங்கள். மேலும் கீழும் வெட்டுப்படும் அளவுக்கு அது ஃப்ரேமை அடைத்தால் கிட்டத்தட்ட 1:1க்கு வந்துவிட்டீர்கள். அதற்குக் குறைந்ததெல்லாம் க்ளோஸ்-அப்.

பெஞ்சில் இந்த வித்தியாசத்துக்காக யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் படத்தைக் காட்டும்போது எவ்வளவு கிட்டத்தில் எடுத்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். ஃபோகஸ், நடுக்கம், வெளிச்சம் எல்லாவற்றுக்கும் பதில் அதைப் பொறுத்து மாறும்.

எங்கிட்ட மொபைல் மட்டும்தான் இருக்கு. காட்டலாமா, சிரிப்பீங்களா?

காட்டலாம். மா. கிருஷ்ணன் தானே பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கேமராவை வைத்துக்கொண்டு கருப்பு வெள்ளையில் காட்டு விலங்குகளை எடுத்தவர். கருவியைப் பார்த்துச் சிரிக்கிற ஆள் எங்கள் பெஞ்சில் இல்லை.

மொபைலுக்கென்று இரண்டு விஷயம். விலை குறைந்த போன்களில் ‘மேக்ரோ’ என்று தனியாக இருக்கும் 2 மெகாபிக்சல் கேமராவை மறந்துவிடுங்கள். மெயின் கேமராவில் ஒரு சாண் தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொண்டால் பெரும்பாலும் அதைவிட நன்றாக வரும். மேலே மாட்டும் கிளிப் லென்ஸ் நடுவில் நன்றாக இருக்கும், ஓரங்களில் குழம்பும். அதனால் பூச்சியின் கண்ணை நடுவுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்துவிட்டு, ஓரத்தை வெட்டுங்கள்.

வீட்ல எல்லாரும் சூப்பர்ங்கிறாங்க. அப்புறம் எதுக்கு வெளியாள்கிட்ட காட்டணும்?

வீட்டில் உள்ளவர்கள் உங்களைப் பார்க்கிறார்கள், படத்தைப் பார்ப்பதில்லை. வெயிலில் நின்று எடுத்தீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ‘நல்லா இருக்கு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு என்ன மாற்றிச் செய்வீர்கள்?

என்னைக் கேட்டால் மூன்று விதமான ஆள் வேண்டும். படம் எடுக்கிறவர் ஒருவர், பூச்சியோ செடியோ தெரிந்தவர் ஒருவர், இரண்டும் தெரியாதவர் ஒருவர். மூன்றாமவரைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஒருமுறை வெட்டுக்கிளிப் படம் ஒன்றைச் சுற்றி நின்று அப்பர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் ஓட்டை) என்ன, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்பது) என்ன என்று கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். டம்ளர் எடுக்க வந்த டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, “இதென்ன, இலைங்களா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பச்சை வெட்டுக்கிளி, பச்சை இலை, பின்னாலும் பச்சை. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அது வெட்டுக்கிளி என்று முன்பே தெரிந்துகொண்டு பார்த்ததால் வந்த வினை.

எத்தனை படம் கொண்டு வரலாம்?

மூன்று. இரண்டு உங்களுக்குப் பிடித்தவை, ஒன்று ‘ஏன் சரியாக வரவில்லை’ என்று புரியாதது. அறுபது படத்தைத் தள்ளிக்கொண்டே போனால் பார்க்கிறவர் பத்தாவதிலேயே தலையாட்ட ஆரம்பித்துவிடுவார். தவிர, அறுபதில் மூன்றைத் தேர்ந்தெடுக்க உட்காரும்போது பாதிக் குறையை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

காட்டும்போது என்ன சொல்லிக் காட்டணும்?

இதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் இதைப் பிடித்துத்தான் வருகிறது. “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்றுதான் வரும். கேள்வி மொட்டையாக இருந்தால் பதிலும் மொட்டைதான். என்ன காட்ட நினைத்தீர்கள் என்று ஒரு வரி, என்ன சந்தேகம் என்று ஒரு வரி. “கும்பிடுபூச்சியின் முன்காலில் இருக்கிற முள்வரிசையைக் காட்ட நினைத்தேன். முள் பளிச்சென்று தெரிகிறதா, இல்லை பின்னால் இருக்கிற புல்லோடு கலந்துவிட்டதா?” இப்படிக் கேட்டுப் பாருங்கள். எதிரில் இருப்பவர் போனைக் கையில் வாங்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். அதுவே வித்தியாசம்.

ஆனால் அந்த இரண்டு வரியையும் எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள். முதலில் படத்தைக் கொடுத்துவிட்டுப் பத்து விநாடி வாயைத் திறக்காமல் இருங்கள். அப்புறம், “முதல்ல உங்க கண்ணு எங்க போச்சு?” என்று மட்டும் கேளுங்கள். முள்ளைக் காட்ட நினைத்த படத்தில் அவர் கண் மூலையில் இருந்த காய்ந்த இலைக்குப் போயிருந்தால், உங்கள் சந்தேகத்துக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. அதன் பிறகு இரண்டு வரியைச் சொல்லுங்கள். முன்பே சொல்லிவிட்டால் அவரும் முள்ளைத் தேடிக் கண்டுபிடித்து, “ஆமா, தெரியுதே” என்பார். மேலே சொன்ன வெட்டுக்கிளிக் கதைதான்.

இன்னொன்று. ஷட்டர் ஸ்பீடு (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, ஃப்ளாஷ் போட்டீர்களா இல்லையா, எத்தனை மணி. இந்த ஐந்தும் கையில் இருக்கட்டும். கேட்டால் சொல்ல மட்டும்.

‘ஷார்ப்பா இல்ல’ன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு ஷார்ப்பாத்தான் தெரியுதே!

மொபைல் திரையில் எல்லாப் படமும் ஷார்ப்பாகத்தான் தெரியும். கண் இருக்கும் இடத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘ஷார்ப்பா இல்ல’ என்பது மூன்று வேறு வேறு வியாதிகளுக்கு ஒரே பெயர். சொல்கிறவரிடம் எது என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

படத்தில் வேறு ஏதாவது ஒரு இடம் கச்சிதமாக இருக்கிறதா? கண் மங்கல், ஆனால் முதுகு ரோமம் எண்ணும்படி இருக்கிறது என்றால் ஃபோகஸ் தவறி விழுந்திருக்கிறது. கேமராவை அப்படியே பிடித்துக்கொண்டு உடம்பை மயிரிழை முன்னும் பின்னும் அசைத்து, ஐந்தாறு படம் தொடர்ந்து எடுத்தால் ஒன்றாவது கண்ணில் விழும். எங்குமே கச்சிதம் இல்லை, பனித்துளியின் மினுமினுப்பெல்லாம் ஒரே திசையில் கோடாக இழுத்திருக்கிறது என்றால் கை நடுக்கம். முழங்கையைத் தரையிலோ முட்டியிலோ ஊன்றுங்கள், ஷட்டரை 1/250 விநாடிக்கும் வேகமாகக் கொண்டுபோங்கள். இலை நரம்பு தெளிவாக இருக்கிறது, மீசை மட்டும் புகைபோல இருக்கிறது என்றால் பூச்சி அசைந்திருக்கிறது.

மூன்றாவதற்கு மருந்து நேரம்தான். குளிர்ந்த காலையில் பூச்சிகளுக்கு உடம்பு சூடேறாது, கிட்டப் போனாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். மார்கழிக் காலையில் ஏற்காட்டில் பனித்துளியோடு தூங்குகிற தட்டானை இருபது படம் எடுக்கலாம். வெயில் ஏறிவிட்டால் அதே தட்டான் ஐந்தடிக்குள் விடாது. மேலே ஏசி காரில் போகிறவர்கள் கடைசிச் சில கொண்டை ஊசி வளைவுகளிலாவது ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இறங்கியதும் லென்ஸ் மேல் நீராவி படியும். அந்த மங்கலையும் ஃபோகஸ் பிரச்சினை என்று கொண்டுவந்து காட்டியவர்கள் உண்டு.

எஃப் 22 வச்சா தலையிலிருந்து வால் வரைக்கும் ஷார்ப்பா வரும்னு ஒருத்தர் சொன்னார். வச்சேன். இன்னும் மோசமா வருது?

சொன்னவர் பாதி சரி. எஃப் எண் கூடினால் அப்பர்ச்சர் சுருங்கும், அப்போது ஃபோகஸின் ஆழம், அதாவது முன்னும் பின்னும் கச்சிதமாகத் தெரியும் தூரம், கூடும். ஆனால் அந்த ஓட்டை ரொம்பச் சுருங்கும்போது ஒளி விளிம்பில் வளைந்து பரவும், படம் முழுக்கவே மொழுக்கென்று ஆகும். அதோடு 1:1 அளவில் லென்ஸ் எஃப் 22 என்று காட்டினாலும் நடைமுறையில் எஃப் 45 அளவுக்கு வேலை செய்யும். அதனால்தான் கெட்டது.

கணக்கு இது. 1:1 அளவில் எஃப் 11 வைத்தாலும் கச்சிதமாக இருக்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதையே கொஞ்சம் பின்னால் வந்து பாதி அளவில் எடுத்தால் இரண்டரை மில்லிமீட்டர் கிடைக்கும், ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே எஃப் 8 முதல் 11க்குள் நில்லுங்கள், தேவையானால் பின்வாங்குங்கள், பூச்சியின் உடம்புக்கு இணையாகக் கேமராவைப் பிடியுங்கள். இறகை மூடி உட்கார்ந்த வண்ணத்துப்பூச்சியைப் பக்கவாட்டில் நேராகப் பிடித்தால் அந்த ஒரு மில்லிமீட்டரே இறகு முழுவதற்கும் போதும்.

பல படத்தை ஒண்ணா அடுக்குறது ஏமாத்து வேலையா?

இல்லை. ஃபோகஸை நகர்த்தி நகர்த்தி எடுத்து மென்பொருளில் சேர்க்கும் ஸ்டாக்கிங்கைத்தான் கேட்கிறீர்கள். செய்யலாம், ஆனால் காட்டும்போது சொல்லிவிடுங்கள். சொன்னால் மீசையைச் சுற்றி இருக்கிற வெள்ளை வளையம், கால் இரட்டையாகத் தெரிவது போன்ற அடுக்கிய தவறுகளை எடுத்துச் சொல்லலாம். சொல்லாவிட்டால் நாங்கள் லென்ஸைச் சந்தேகப்படுவோம்.

பேக்ரவுண்டு சரியில்லன்னு திருப்பித் திருப்பி சொல்றாங்க. நான் பூச்சியைத்தானே எடுத்தேன்?

நீங்கள் பூச்சியை எடுத்தீர்கள், கேமரா எல்லாவற்றையும் எடுத்தது. ஃப்ரேமில் பூச்சி கால் பங்குதான் இருக்கும். மீதி முக்கால் பங்கு பின்னணிதான்.

ஏற்காட்டில் இதற்கென்று ஒரு தனித் தொந்தரவு உண்டு. காப்பிச் செடிக்கு மேலே சில்வர் ஓக் நிழல். அந்த நிழல் வழியாக வெயில் சல்லடையில் சலித்த மாதிரி பொட்டுப் பொட்டாக விழும். நம் கண்ணுக்கு அது அழகு. படத்தில் பூச்சிக்குப் பின்னால் பத்து வெள்ளைப் பொட்டு, பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும். குடையோடு போங்கள். கூட வந்தவரைப் பின்னணியின் மேல் குடை நிழல் விழும்படி நிற்கச் சொல்லுங்கள், அல்லது உங்கள் உடம்பின் நிழலே போதும்.

பெரும்பாலும் ஒரு கையகலம் நகர்ந்தாலே சரியாகிவிடும். போன மாதம் ஒருவர் எருக்கம்பூவில் உட்கார்ந்த வெந்தய வரியனைக் காட்டினார். இறகின் ஆரஞ்சு, ஓரத்துக் கருப்பு, அதில் வெள்ளைப் புள்ளி, எல்லாம் வெளிச்சத்தில் அருமை. தலைக்கு நேர் பின்னால் ஒரு காய்ந்த குச்சி, கொம்பு முளைத்த மாதிரி. “இது நான் எடுக்கும்போது இல்லீங்க” என்றார். இருந்திருக்கும். நாம் பூச்சியின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்போம், குச்சி தெரியாது. அமுக்குவதற்கு முன் ஃப்ரேமின் நாலு ஓரத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அமுக்குவது பழகிவிட்டால் இந்தக் குறை போய்விடும். எனக்குப் பழக ஒரு வருஷம் ஆனது.

காப்பிப் பூவை எடுத்தேன். சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வந்திருக்கு. எதனால?

பங்குனி சித்திரையில் ஒரு கோடை மழை பெய்த சில நாளில் காப்பிச் செடி கிளை முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும், மல்லிகை மாதிரி வாசம். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அந்த அவசரத்தில் எல்லாரும் செய்கிற தவறு இது. ஃப்ரேமில் பெரும்பகுதி கரும்பச்சை இலை. கேமரா ‘இருட்டாக இருக்கிறது’ என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இலை சரியாக வரும், பூ எரிந்துவிடும். எரிந்த வெள்ளையில் இதழின் மடிப்பு, நரம்பு எதையும் எந்த எடிட்டிலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா எடுக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) மைனஸ் 1 பக்கம் தள்ளுங்கள். கேமராவில் அதிக வெளிச்சம் விழுந்த இடம் மினுக்கும் வசதி இருந்தால் போட்டுவையுங்கள், பூ மினுக்கினால் இன்னும் குறையுங்கள். மொபைலில் பூவைத் தொட்டுவிட்டுச் சூரியன் குறியைக் கீழே இழுத்தால் அதே வேலை.

சிவப்புக்கும் இதே வியாதி வரும், ஆனால் மினுக்கிக் காட்டாமல் போகலாம். மழைக்காலத்தில் வேலியோரம் பூக்கும் செங்காந்தளை எடுத்துப் பாருங்கள். சிவப்பு மட்டும் தனியாக முட்டி, இதழ் பிளாஸ்டிக் தாள் போல ஆகிவிடும். ஹிஸ்டோகிராமில் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) சிவப்பு வரைகோட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஃப்ளாஷ் போட்டா செத்த பூச்சியைப் படம் புடிச்ச மாதிரி இருக்குன்னாங்க.

ஃப்ளாஷ் மேல் ஒன்றும் குற்றமில்லை, அது சின்னதாக, மொட்டையாக இருப்பதுதான் பிரச்சினை. வண்டு ஓட்டின் மேல் குண்டூசித்தலை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, பின்னால் கறுப்பு. நடுவில் ஒரு வெள்ளைப் பரப்பு வேண்டும். டிவி பெட்டியோடு வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாள், அல்லது ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் பட்டர் பேப்பர், அதைச் சிப்ஸ் டப்பா ஒன்றில் ஒட்டி லென்ஸ் முனை வரை நீட்டுங்கள். பூச்சிக்கு எவ்வளவு கிட்ட, எவ்வளவு அகலமோ அவ்வளவு மென்மை. என்னுடைய டப்பாவைப் பார்த்துவிட்டு மலைப் பாதை செக்போஸ்ட்டில் ஒருமுறை இறக்கி விசாரித்தார்கள். அது வேறு கதை.

பின்னணி கறுப்பாவதற்குக் காரணம் ஃப்ளாஷ் வெளிச்சம் அங்கே எட்டாதது. பூச்சிக்குப் பின்னால் பக்கத்திலேயே ஒரு இலை இருக்கும்படி கோணம் மாற்றினால் பச்சை வரும்.

கிராப் பண்றது தப்பா?

தப்பில்லை. எஃப் 22 கேள்விக்குச் சொன்ன ஆழக் கணக்கைப் பாருங்கள். கொஞ்சம் தள்ளி எடுத்து வெட்டுவதுதான் பல நேரம் புத்திசாலித்தனம். 24 மெகாபிக்சல் படத்தில் அகலத்திலும் உயரத்திலும் பாதியாக வெட்டினால் 6 மெகாபிக்சல் மிஞ்சும், அதில் 6க்கு 9 அங்குலப் பிரிண்ட் தாராளமாகப் போடலாம். காட்டும்போது வெட்டாத படமும் கூட இருக்கட்டும். எங்கே வெட்டுவது என்பதற்கு எங்களிடம் கருத்துக் கேட்பதாக இருந்தால் வெட்டாததுதான் வேண்டும்.

பிரிண்ட் என்றதும் ஒன்று. பிடித்த படத்தை ஸ்டுடியோவில் கொடுத்து மேக்ஸி அளவில் ஒன்று போட்டுக் கொண்டுவந்தால், பேனாவால் அதன் மேலேயே வட்டம் போட்டுக் காட்டலாம். திரையில் விரலால் தொட்டுக் காட்டினால் படம் நகர்ந்து தொலைகிறது.

எடிட் பண்ணினதைக் காட்டவா, எடிட் பண்ணாததைக் காட்டவா?

இரண்டையும். முதலில் எடிட் செய்ததை.

வாட்ஸ்அப்ல அனுப்புறேன், பார்த்துச் சொல்லுங்களேன்?

டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், எடுத்த செட்டிங் விவரத்தையும் உருவிவிடும். அப்புறம் நான் ‘ஷார்ப்பா இல்ல’ என்பேன், நீங்கள் ‘என் லேப்டாப்பில் இருக்கே’ என்பீர்கள், இரண்டு பேருமே சரியாக இருப்போம். அனுப்பும்போது மேலே சொன்ன இரண்டு வரியையும் எழுதுங்கள். ராத்திரி பதினொன்றரைக்கு வெறும் படத்தை அனுப்பிவிட்டு “??” போட வேண்டாம்.

ஒருத்தர் ஒண்ணு சொல்றார், இன்னொருத்தர் நேர்மாறா சொல்றார். யாரை நம்புறது?

இரண்டு பேர் சொன்னதையும் எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் குறையா ருசியா என்று பிரியுங்கள். ‘கண் மங்கல்’, ‘வெள்ளை எரிந்திருக்கிறது’ என்பதெல்லாம் குறை. பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், வாக்குவாதம் தேவையில்லை. ‘பூச்சியை நடுவில் வைக்காதே’, ‘பின்னணி இருட்டாக இருந்தால்தான் எடுப்பு’ என்பதெல்லாம் ருசி. ஒருவருக்குக் கெட்டிச் சட்னி, ஒருவருக்குத் தண்ணிச் சட்னி.

ருசிக் கருத்துகளை அடுத்த வாரம் இரண்டு விதமாகவும் எடுத்துப் பாருங்கள், பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். நேர்மாறாகப் பேசுகிற இருவரும் ஒரே மூலையைக் காட்டி ‘இங்கே என்னவோ இடிக்குது’ என்றால் மட்டும் காது கொடுங்கள். காரணம் தப்பாகச் சொன்னாலும் இடம் சரியாக இருக்கும்.

நாலு பேர் முன்னாடி கிழிச்சுட்டாங்க. கேமராவை வித்துடலாமான்னு இருக்கு.

எனக்கும் நடந்தது. பல வருஷத்துக்கு முன் ஒரு போட்டியில் பொன்வண்டுப் படம் கொடுத்திருந்தேன். நடுவர் அதைத் திரையில் போட்டு, “இது வண்டுக்கு ஆதார் கார்டு எடுத்ததா?” என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. ஒரு மாதம் கேமராவைத் தொடவில்லை. அப்புறம் ஒருநாள் கோபத்தோடேயே அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். நின்ற நிலையில் நேர் மேலே இருந்து எடுத்திருக்கிறேன். முகம் இல்லை, கால் இல்லை, முதுகு மட்டும். அதன் பிறகுதான் தரையில் முட்டி போட ஆரம்பித்தேன்.

அதற்காக அந்த மனிதரை நான் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. “மேலே இருந்து எடுத்திருக்கீங்க, அதோட கண்ணு மட்டத்துக்குக் குனிஞ்சு பாருங்க” என்று சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். திட்டு வாங்கியவர்கள் இரண்டு நாள் கழித்து, சொன்னவர் குரலை விட்டுவிட்டுச் சொன்ன விஷயத்தை மட்டும் ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத ஒன்றும் தேறவில்லை என்றால் அது கருத்தே இல்லை, விட்டுத்தள்ளுங்கள்.

பூச்சி பேரு தெரியாமக் காட்டலாமா?

காட்டலாம், ஆனால் தெரிந்துகொண்டால் படம் மாறும். ஒரு பெண் மாந்தோப்பில் எடுத்த ‘செவ்வெறும்பு’ என்று ஒன்றைக் காட்டினார். எங்கள் கூட்டத்தில் பூச்சி தெரிந்த ஒருவர், “காலை எண்ணும்மா” என்றார். எட்டு. முன்னங்கால் இரண்டையும் மீசை மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எறும்பு போல வேஷம் போடும் சிலந்தி அது. ஆணுக்குத் தாடை முன்னால் நீண்டு, எறும்பு ஒன்று இன்னொன்றைக் கவ்விக்கொண்டு போவது போல இருக்கும். அவர் அடுத்த வாரம் அதே மரத்துக்குப் போய், தூக்கிய முன்னங்காலும் முகத்தில் இருக்கிற பெரிய கண்களும் தெரிகிற மாதிரி முன்பக்கமிருந்து எடுத்து வந்தார். எறும்பு என்றே நினைத்திருந்தால் அந்தப் படம் வந்திருக்காது.

பெயர் கண்டுபிடிக்க ஐநேச்சுரலிஸ்ட் செயலி உதவும். அதற்கென்று மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, உட்கார்ந்த செடி ஒன்று என்று தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது மட்டும் ஆதார் கார்டுப் படம் தேவைப்படும்.

கறிவேப்பிலைப் புழுவைத் தொட்டா சிவப்புக் கொம்பு நீட்டுது. சூப்பரா இருந்துச்சு, எடுத்தேன். அதுக்கு ஏன் திட்டினீங்க?

சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியும், வளர்ந்தபின் பச்சையாகவும் இருக்கிற அந்தப் புழு, வண்ணத்துப்பூச்சி ஆகப்போவது. எதிரி தொட்டால்தான் தலைக்குப் பின்னாலிருந்து அந்தக் கவட்டைக் கொம்பு வரும், கூடவே ஒரு நெடி அடிக்கும். அதாவது நீங்கள் எடுத்தது பயந்துபோன புழுவின் படம். ஒருமுறை தற்செயலாகக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். படத்துக்காகக் குச்சியால் குத்திக் குத்தி நீட்ட வைத்தால் அதன் குறையை நாங்கள் ஃபோகஸில் தேட மாட்டோம்.

அசையாமல் இருக்க ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பது, பசை தடவுவது, கூட்டை மறைத்த இலையை ஒடித்துவிட்டுக் குஞ்சுகளை எடுப்பது, இவற்றுக்கும் அதே பதில். தண்ணீர் தெளித்துப் பனித்துளி செய்தால் குற்றமில்லை, கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள்.

எங்க எடுத்தேன்னு சரியாச் சொல்லணுமா? எல்லாரும் லொகேஷன் கேக்குறாங்க.

மூக்கனேரியில் தட்டான் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். மலையில் ஆர்க்கிட், பறவைக் கூடு என்றால் ‘சேர்வராயன் மலை’ என்பதோடு நிறுத்துங்கள். ஆர்க்கிட்டைப் பார்த்த இடத்திலிருந்து பிய்த்து வீட்டுத் தொட்டியில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க ஆசையென்றால் ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. ஒன்று கவனியுங்கள்: டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னேன் அல்லவா, அதில் ஜிபிஎஸ் இடமும் சேர்ந்தே போகும். இந்த மாதிரிப் படங்களுக்குக் கேமராவில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள். காப்பித் தோட்டங்கள் தனியார் சொத்து என்பதையும் மறக்க வேண்டாம், வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

மத்தவங்க படத்தைப் பத்தி நான் என்ன சொல்றது? எனக்கே ஒண்ணும் தெரியாதே?

உங்கள் கண் முதலில் எங்கே போனது என்று சொல்லுங்கள். என்ன படம் என்று புரிய எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் அனுபவம் வேண்டாம். டீக்கடைக்காரர் சொன்னது அதுதானே. ‘லைட்டிங் கொஞ்சம் பெட்டரா இருந்திருக்கலாம்’ என்று எங்கேயோ கேட்டதைச் சொன்னால்தான் தர்மசங்கடம், ஏனென்றால் ‘எப்படி?’ என்று திருப்பிக் கேட்போம்.

நான் தேறியிருக்கேனான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

லைக் எண்ணிக்கையை வைத்துத் தெரியாது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு செடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னுடையது கன்னங்குறிச்சி போகும் வழியில் இருக்கிற ஓர் எருக்கஞ்செடி. மாதம் ஒருமுறை அதில் என்ன இருக்கிறதோ அதை எடுப்பேன்: வெந்தய வரியனின் புழு, அசுவினிப் பூச்சி, அதை மேய்க்கிற எறும்பு, ஒன்றுமில்லாவிட்டால் பால் கசிகிற இலைக் காம்பு. செடி அதே, வெளிச்சம் ஏறக்குறைய அதே. மாறியது நான் மட்டும்தான் என்பதால் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்தால் மழுப்ப வழியில்லை.

போன வருஷம் ரோடு அகலப்படுத்தும்போது செடியை வெட்டிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் அடியிலிருந்து துளிர்த்துவிட்டது. இப்போது முழங்கால் உயரம் இருக்கிறது. இன்னும் குனிய வேண்டியிருக்கிறது.